சம்பளம் வாங்காத நயினார் சார்

குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துப் போட்டு, நடுவில் விரலால் அமுக்கிக் குழி பண்ணி, அதில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார் ஜீவேந்திர நயினார். எல்லாம் ஒரு கையால். இடது கையில் மாவுக்கட்டு இருந்தது. துணி நழுவாமல் இருக்க அதன் ஓரத்தை முழங்கையால் அழுத்திக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்ததைப் பார்த்தார். ஆனால் வடிகட்டும்போது அவர் பேசமாட்டார். குடம் நிறைந்த பிறகுதான், "வாங்க தையலம்மா" என்றார்.

தையலம்மா என்பது என் பெயர். திண்டிவனத்தில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவள். முறையாகப் பயிற்சி எடுத்தவள். முதன்முதலில் அந்த வீட்டுக்கு நான் போனது அவர் மனைவி கனகமணிக்காக. பக்கவாதத்தில் படுத்த அந்த அம்மாளை ஒன்றரை வருடம் பார்த்தேன். அவர் இறந்த பிறகு எனக்கு அங்கே வேலையில்லை. மறுபடி போகவேண்டி வந்தது நயினாரின் கை ஒடிந்ததால். அது ஒடிந்ததற்குக் காரணம் அந்தத் துணி.

நயினார் சமணர். தண்ணீரை வடிகட்டாமல் குடிக்கமாட்டார். அதோடு முடியவில்லை. துணியில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வந்த இடத்துக்கே திரும்பவேண்டும். அவர் பிறந்த மேல்சித்தாமூரில் கிணறு இருந்ததால் துணியைக் கிணற்றிலேயே அலசிவிடுவார்களாம். திண்டிவனத்து வீட்டில் தண்ணீர் வருவது மொட்டைமாடிக்கு மேலே இருக்கிற தொட்டியிலிருந்து. ஆகவே தினமும் காலையில் ஏணி வைத்து ஏறி, தொட்டியின் மூடியைத் திறந்து, துணியை அதில் அலசிவிட்டு இறங்குவார், அறுபத்து நான்கு வயதில். புரட்டாசி மழையில் ஏணி வழுக்கியது.

"செடிக்கு ஊத்துங்க சார், புண்ணியமாப் போவும்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"செடி தண்ணி எங்க கேட்டுச்சி? வந்த எடத்துக்குப் போவணும்" என்றார்.

கை கூடும்வரை ஏணியில் நான்தான் ஏறினேன். அவரைவிட எனக்கு மூன்று வயது கூட. ஆனால் முழங்கால் என்னுடையது நல்லது.

அவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிட்டவர். இவர் கணக்கு படித்து அரசுப் பள்ளியில் வாத்தியார் ஆனார். வானூரில் பல வருடம், பிறகு மண்டகப்பட்டுப் பக்கம், கடைசியில் திண்டிவனம். ஒரே மகன் ஸ்ரேயான்ஸ் பெங்களூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். மருமகள் குழந்தையைக் காட்டுவாள். அழைப்பு முடிந்ததும் இவர் போனைச் சார்ஜில் போடுவார். மறுஞாயிறு வரை அதற்கு வேறு வேலை கிடையாது.

பணத்துக்குக் குறையில்லை. 2003 ஏப்ரலுக்கு முன் வேலையில் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியம். மாதம் பிறந்தால் வங்கியில் விழும், அகவிலைப்படி ஏறும்போது அதுவும் ஏறும். அதற்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்குச் சம்பளத்தில் பிடித்ததை மொத்தமாகக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள் என்று அவரே எனக்கு விளக்கினார். அவருக்கு இருந்த ஒரே மனக்குறை, ஐம்பத்தெட்டில் அனுப்பிவிட்டார்கள் என்பது. அவர் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் வயதை ஐம்பத்தொன்பதாக்கி, அதற்கடுத்த வருடம் அறுபதாக்கினார்கள். தன் கையிலிருந்து இரண்டு வருடத்தைப் பிடுங்கிக்கொண்டதுபோல அதை நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

கனகமணி போன பிறகு பகலை எப்படியோ தள்ளினார். சாயங்காலம்தான் தள்ளமுடியவில்லை. சமணர்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஐந்தரைக்குச் சாப்பாடு, ஆறுக்குப் பாத்திரம் கழுவியாகிவிடும். பிறகு தூக்கம் வருகிறவரைக்கும் ஒன்றுமில்லை. விளக்கும் போடமாட்டார். வெளிச்சத்துக்குப் பூச்சி வந்து விழுந்து சாகும். மனைவி இருந்தவரை இருட்டில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பார்கள், அது எனக்குத் தெரியும். ஒருநாள் வேலை முடிந்து அந்தத் தெரு வழியாக வந்தபோது கதவு திறந்திருக்க, உள்ளே இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றார். அந்த நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். தொண்டை கரகரத்தது.

போன ஜூன் மாதம் ஊரிலிருக்கும் ஒரு மெட்ரிக் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கப் போனார். தாளாளர் சம்பளம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அதை என்னிடம் பெருமையோடு சொன்னார். அவர்கள் தர்மத்தில் நான்கு தானம் உண்டாம். உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம் என்கிற கல்வி. முதல் மூன்றையும் பணமுள்ள எவனும் செய்யலாம், சாத்திர தானம் படித்தவனால்தான் முடியும் என்றார். தானத்துக்குக் கூலி வாங்கினால் அது தானமில்லை.

ஆள் மாறிவிட்டார். சட்டைக்குக் கஞ்சி போட்டார். கை ஒடிந்து நான் மறுபடி போக ஆரம்பித்தபோது, மாவுக்கட்டோடு பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார். பிள்ளைகள் அந்தக் கட்டின் மேல் பேனாவால் சூத்திரம் எழுதி வைத்திருந்தார்கள். சாயங்காலம் விடைத்தாள் திருத்துவதற்காக விளக்கும் எரிந்தது. கொசுவலையைக் கட்டி அதற்குள் உட்கார்ந்து, ஒரு சின்ன பல்பை வலைக்குள்ளேயே தொங்கவிட்டுக்கொண்டார். பூச்சி வெளியே பத்திரமாக இருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் கூண்டுக்குள் வாத்தியார் உட்கார்ந்த மாதிரி தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். எனக்கு நல்லதாகத்தான் பட்டது. அவர் இரத்த அழுத்தம் குறைந்திருந்தது.

ஐப்பசியில் துணி கிழிந்தது. ஒற்றைக் கையால் முறுக்கிப் பிழிந்ததில் நடுவில் நைந்துபோயிற்று. நைந்த துணியில் ஒருநாள்கூட வடிகட்டமாட்டார். அன்றே கடைவீதிக்குக் கிளம்பினார். எனக்கும் பஞ்சும் கட்டுப்போடும் காஸ் துணியும் வாங்கவேண்டியிருந்ததால் கூடப் போனேன்.

ஜவுளிக்கடையில் வெள்ளைத் துணிப் பிரிவில் நின்ற பெண்ணுக்கு முப்பதுக்குள் இருக்கும். கடைச் சீருடைச் சேலை, தோளில் சங்கவி என்று பெயர் அட்டை. எதற்குத் துணி என்று இவர் சொன்னதும் தடிமனான ஒன்றை எடுத்துப் போட்டாள். வெட்டும்போது அவரையும் மாவுக்கட்டில் எழுதியிருந்த சூத்திரத்தையும் பார்த்தாள்.

"நீங்க நயினார் சார்தானே? பத்தாவது பி செக்‌ஷன்."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தம்பி படிக்கிறானா, தங்கையா என்று கேட்டார்.

"இல்ல சார். அவங்களுக்கு ஒம்பதாவது மேத்ஸ் நான்தான் எடுத்துக்கினு இருந்தேன். பத்தாவதுக்கும் நான்தான் கூடப் போறதா இருந்துச்சி."

கல்யாணத்துக்காக வேலையை விட்டாயா என்று கேட்டார். அப்படித்தான் கேட்கத் தோன்றும்.

"நான் வுடல சார். ஸ்கூல் தெறக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி கூப்ட்டாங்க. ஒரு ரிட்டையர்டு சார் இலவசமா வர்றாரு, நீ எவ்ளோக்கு வருவன்னு கேட்டாங்க." துணியை மடித்தாள். "இலவசத்துக்குக் கீழ என்னா சார் இருக்குது?"

மேற்பார்வையாளன் இந்தப் பக்கம் திரும்பினான். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தகுதித் தேர்வில் தேறிப் பல வருடம் ஆகிறது என்றும், ஓய்வு வயதை உயர்த்தியதில் அந்த இரண்டு வருடமும் அரசுப் பள்ளியில் யாரும் ஓய்வு பெறாததால் இடமே காலியாகவில்லை என்றும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. துணி விலை சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு, "கடைசி பெஞ்சில அர்ஹந்த்னு ஒரு பையன், மைனஸ வுட்டுட்டே போவானே, இன்னும் வுடறானா?" என்று கேட்டாள்.

"வுடறான்" என்றார்.

"அவனுக்கு போர்டுல சொன்னா ஏறாது சார். பக்கத்துல போயி நிக்கணும். பில்லு அங்க போடுங்க."

வீட்டுக்கு வந்ததும் துணிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, "நான் சம்பளம் ஒரு பைசா வாங்கலியே தையலம்மா" என்றார்.

"அதான் சார் விஷயமே" என்றேன்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முன்பு நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்குச் சேவை செய்கிறோம் என்று வசதியான வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள். நோயாளியின் முகத்தைத் துடைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். அந்த வீட்டுக்காரர் என்னை நிறுத்திவிட்டார். அவர்கள் ஒரு மாதத்தில் அலுத்துப்போய் நின்றுவிட்டார்கள். நோயாளிக்குப் படுக்கைப்புண் வந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். தானம் செய்தவர்களுக்குப் புண்ணியம் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அந்த மாதம் சம்பளமில்லை.

"உங்களுக்கு பென்ஷன் வர்றதால உங்களால சும்மா போவ முடியுது. அந்தப் பொண்ணுக்கு அங்க குடுத்ததே எங்க ஏஜென்சியில ஆயாவுக்குக் குடுக்கறதவிடக் கம்மியாத்தான் இருந்திருக்கும். அதையும் நீங்க ஒண்ணுமில்லாமப் பண்ணிட்டீங்க."

இவ்வளவு பச்சையாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று யாராவது நினைக்கலாம். புண்ணைச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தால் புண் ஆறாது.

மறுநாள் தாளாளரிடம் போனார். நான் நின்றுகொள்கிறேன், அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள் என்றார். தாளாளர் நல்ல மனிதர்தான், டீ வரவழைத்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் நீங்கள் போனால் அந்தப் பெண் வரும் என்று யார் சொன்னது என்று கேட்டாராம். விழுப்புரத்திலிருந்து பாண்டுரங்கன் சார் போன மாதமே கேட்டிருக்கிறார், அவரும் சும்மா வரத் தயார்.

பாண்டுரங்கன் வானூர்ப் பள்ளியில் நயினாரோடு வேலை பார்த்தவர். கல்யாணத்துக்கு முன் இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கியவர்கள். நயினாரின் சாத்திர தானக் கதையைக் கேட்டு அவருக்கும் ஆசை வந்துவிட்டது. ஆக, நயினார் மட்டும் விலகினால் சங்கவிக்கு ஒரு பயனும் இல்லை. இவர் வீட்டில் இருட்டு ஒன்றுதான் மிச்சம்.

அந்தச் சனிக்கிழமை விழுப்புரம் போனோம். மாவுக்கட்டைப் பிரித்து வெறும் கிரேப் பேண்டேஜ் சுற்றிய சமயம், பஸ்ஸில் கூட்டம் இடித்துவிடக் கூடாது என்று நானும் போனேன். பாண்டுரங்கன் வீட்டு வாசலில், போர்டிகோவில், வாஷிங் மெஷினுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மருமகளுக்குக் கம்ப்யூட்டரில் மீட்டிங். அவளுக்குச் சனிக்கிழமையும் வேலை உண்டாம். அது முடிகிறவரை ஹாலில் சத்தம் கூடாது.

"மெதுவாப் பேசு. அமெரிக்காகாரனுக்குக் கேட்டுடும்" என்றார்.

அதனால் அந்தச் சண்டை முழுவதும் ரகசியக் குரலில் நடந்தது. நயினார் நடந்ததைச் சொல்லி, நீ போகாதே என்றார். பாண்டுரங்கன் காது கொடுத்துக் கேட்டார். பிறகு சொன்னார்.

"ஏண்டா நயினாரே, அன்னதானம் போட்டு ஓட்டல்காரன் அடுப்ப அணைச்சவன் நீ. இப்ப என் முறை வரும்போது எல போடாதன்றியா?"

"தப்பு என்னுதுதான்."

"உன்னுதுதான். எனக்கென்னா பேஜாரு? நான் அந்தப் பொண்ணப் பாத்ததுகூட இல்ல." கையால் உள்ளே காட்டினார். "இந்த வீட்ல பகல் முழுக்க நான் வாயத் தெறக்க முடியாது. அங்க போனா நாப்பது பசங்ககிட்ட கத்தலாம். அத வுட்டுடுன்னு சொல்றியே, பதிலுக்கு எனக்கு என்னா வச்சிருக்க?"

தனக்கே இல்லாததை நயினார் எங்கிருந்து கொடுப்பார். தலையைக் குனிந்து பேண்டேஜின் முனையைச் சொருகிக்கொண்டிருந்தார். நான் பாண்டுரங்கனின் கால்களைப் பார்த்தேன். கணுக்கால் வீங்கியிருந்தது. நாளெல்லாம் நாற்காலியில் தொங்கவிட்ட கால்.

கடைசியில் அவரே சொன்னார். "போ. இந்த வருசம் வரல. ஜூன்ல கூப்ட்டா போவேன், அதயும் சொல்லிட்டேன்."

விழுப்புரம் பஸ் நிலையத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. திண்டிவனம் போய்ச் சேருவதற்குள் பொழுது இறங்கிவிடும். நயினார் ஒரு தூணோரம் நின்று டப்பாவைத் திறந்து அவசரமாகச் சாப்பிட்டார். சுற்றிலும் எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டு முடித்து, வடிகட்டிக் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஜூன் வரைக்கும்" என்றார். நானும், ஜூன் வரைக்கும்தான் என்றேன். அதைவிடப் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை.

தாளாளர் ஒரு வாரம் வேறு ஆள் தேடியிருக்கிறார். அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது, பாடம் பாக்கி, பெற்றோர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். சும்மா வருகிற ஆள் உடனே கிடைக்கவில்லை. சங்கவிக்குப் போன் போட்டார்கள். பழைய சம்பளம்தான், ஏற்றிக் கொடுக்கவில்லை. அவள் ஒத்துக்கொண்டாள். ஜவுளிக்கடையில் நிற்கிறபோது உட்கார நாற்காலி கிடையாது, வகுப்பிலும் உட்காரமாட்டேன், அதனால் வித்தியாசமில்லை என்று நயினாரிடம் சொன்னாளாம்.

ஒப்படைக்கிற நாளன்று இரண்டு பேரும் வகுப்பில் இருந்தார்கள். இவர் எந்தப் பாடம் முடிந்தது, எது பாக்கி என்று சொன்னார். அர்ஹந்த் பக்கத்தில் போய் நின்று சொல்லிக் கொடுத்ததில் மைனஸ் பாதி வந்துவிட்டது என்றார். பிள்ளைகள் பழைய மிஸ் வந்துவிட்டதில் சத்தம் போட்டார்கள். இவரைப் போகாதீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. குழந்தைகள் அப்படித்தான். சங்கவி நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்லவேண்டும் என்று என்னிடம் அவரே கேட்டார். அவள் கேட்டது ஒன்றுதான். "ஜூன்ல என்னா சார்?"

அன்று சாயங்காலம் வேலை முடிந்து அந்தத் தெரு வழியாகத்தான் வந்தேன். கொசுவலைக்குள் விளக்கு இல்லை. திருத்தத் தாள் இல்லாதபோது விளக்கு எதற்கு. நான் நிற்கவில்லை. என் வீட்டில் எனக்குச் சமையல் இருந்தது.

மறுநாள் காலையில் பேண்டேஜைப் பிரிக்கப் போனேன். கஞ்சி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். மேசைமேல் மதியச் சாப்பாட்டு டப்பா கட்டி வைத்திருந்தது. பழக்கத்தில் செய்துவிட்டார். பேண்டேஜைச் சுற்றிப் பிரித்து, மணிக்கட்டை மடக்கி நீட்டிப் பார்த்தேன். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. இனி நான் வரவேண்டியதில்லை.

"இன்னும் ஒரு வாரம் கட்டிவுடுங்களேன் தையலம்மா. வலி இருக்குது" என்றார்.

எங்கே என்று கேட்டேன். அவர் காட்டிய இடம் ஒடிந்த இடமில்லை.

"ஆறின கையக் கட்டி வச்சா வெறச்சிக்கும் சார். இனிமே அதுக்கு வேல குடுக்கணும்" என்று சொல்லி பேண்டேஜை உருட்டிப் பைக்குள் போட்டேன்.

அவர் தலையாட்டினார். எழுந்துபோய்க் குடத்தை எடுத்து, புதுத் துணியை மடித்துப் போட்டு, இரண்டு கையாலும் தண்ணீரை வடிகட்டினார். நிறைந்ததும் துணியைத் தூக்கிப் பிடித்தபடி மாடிக்குப் போனார். நானும் பின்னால் போய் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டேன். மெதுவாக ஏறி, தொட்டியில் துணியை அலசி, அங்கேயே பிழிந்தார். இடது கைக்குப் பிடி இன்னும் முழுதாக வரவில்லை. பிழியத் தெரிந்த கைதான், சரியாகிவிடும்.

இறங்கி வந்தவர் மேசைமேலிருந்த டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினார். வெங்காயம் போடாத புளிச்சோறு. அன்றைக்கு நான் சோறு கட்டிக்கொண்டு வரவில்லை. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டு நோயாளிக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பினேன்.